மந்திரித்த உப்பும் வென்டித் திருக்கைகளும்

பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள் சுவாமியார் சிரித்து நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். நான் கேட்டிருக்கிறேன். பலகைக்கு அந்தப் பக்கம் முதலில் ஒரு இருமல், பிறகு கதிரை கிரீச்சிடும் சத்தம், பிறகு கைலேஞ்சியால் வாயைப் பொத்தி அமுக்கிப் பிடித்த ஒரு சிரிப்பு. ஐம்பத்தெட்டு வயதுக் குடும்பஸ்தன் முழந்தாளில் நின்று தன் பாவத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் கேட்டது இதுதான்:

"எவ்வளவு உப்பு?"

"ஒரு கிலோவும் ஒரு ஜாம் போத்தலும், ஃபாதர்."

கூடு ஆடியது.

மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொல்லி அபராதம் தந்தார். (செய்த வேலைக்கு அது காணாது எண்டு எனக்கு இண்டைக்கும் நினைப்பு. அதுதான் மிச்சத்தை உங்களுக்குச் சொல்லிக் கழிக்கிறன்.)

சிட்னியில் ஐஸ் ஹொக்கி விளையாடிய, எனக்குத் தெரிந்த ஒரே தமிழ் அணியை அழித்தவன் நான். அணியின் பெயர் வென்டித் திருக்கைகள். வென்ட்வேர்த்வில்லை நாங்கள் வென்டி என்றுதான் சொல்வோம். திருக்கை எங்கள் மன்னார்க் கடலில் வாலைச் சுழற்றிக்கொண்டு திரிகிற தட்டை மீன். நீலச் சட்டையில் அதைப் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் ஏன் சட்டையில் தோசை போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அணியின் முழு வரலாற்றையும் ஒரு பஸ் டிக்கற்றின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். விளையாடியது மூன்று மேட்ச். அதிலும் மூன்றாவது முடியவில்லை.

தொடங்கியவள் என் மகள் டிலானி. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை. கூட வேலை செய்யும் பிள்ளைகளோடு ஒருநாள் ஐஸில் சறுக்கப் போனவள், முழங்கால் இரண்டும் நீலம் பாரித்து, முகம் முழுக்கச் சிரிப்போடு வீட்டுக்கு வந்தாள். "அப்பா, பறக்கிற மாதிரி இருக்கு" என்றாள். அடுத்த வருஷம் எங்கள் பங்குக் கோவிலில் பூசைக்கு வருகிறவர்களில் எட்டுப் பேரைப் பிடித்து அணி சேர்த்துவிட்டாள். அந்த எட்டுப் பேரில் சுவரைப் பிடிக்காமல் நிற்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்.

கோல் காப்பதற்கு எட்வினைப் பிடித்தாள். எட்வின் வென்டி ஸ்டேஷனடியில் ரோல்ஸும் கொத்துரொட்டியும் விற்கிற கடைக்காரர். ஆள் நல்ல அகலம். வலைக்கு முன்னால் நின்றால் வலை தெரியாது.

"எட்வின் அண்ணை, நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. நிண்டாக் காணும்."

"நிக்கிறதுதான் தங்கச்சி கஷ்டம். கீழ கத்தியெல்லோ கட்டி விடுறியள்."

நான் மனேஜர். எனக்கு ஐஸ் ஹொக்கி தெரியும் என்பதற்காக இல்லை. என்னிடம் வான் இருந்தது. அதோடு, தொடங்க முன் செபம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். இந்த இரண்டு வேலையைத் தவிர மூன்றாவதாக ஒரு வேலையும் உண்டு: கோல் காப்பவரின் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுபோய் வலைக்கு மேல் வைப்பது. அந்த மூன்றாவது வேலைதான் என்னைக் கெடுத்தது.

லீக்கை நடத்துகிறவர்கள் ஆகக் கீழ்ப்பிரிவில் ஒரு இடம் தருவதாக இருந்தார்கள். அதற்கு முதலில் மூன்று மேட்ச் விளையாடிக் காட்ட வேண்டும். மூன்றில் ஒன்றிலாவது தோற்காமல் இருக்க வேண்டும். முதல் மேட்சில் பதினான்குக்குப் பூச்சியம். இரண்டாவதில் பதினொன்றுக்குப் பூச்சியம். (முன்னேற்றம்தானே எண்டு நான் வானுக்குள்ள சொன்னன். எட்வின் ரேடியோவைக் கூட்டிவிட்டார்.)

மூன்றாவது மேட்சுக்கு முதல் நாள் காலை, டிலானி குசினியில் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு தாயிடம் சொன்னதைக் கேட்டேன்.

"அம்மா, நாளைக்கும் தோத்தா எல்லாம் முடிஞ்சுது. அவையள் எல்லாம் நான் கூப்பிட்டு வந்தவை. ஒரே ஒரு கோல், அம்மா. ஒண்டு அடிச்சாக் காணும்."

ஜெசிந்தா, அதாவது என் மனைவி, "கடவுள் விடமாட்டார் பிள்ளை" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கடவுளுக்கும் எனக்கும் நடுவில் ஏதோ ஒப்பந்தம் இருப்பது போன்ற பார்வை.

எனக்கு உடனே உப்பு ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டில் ஒரு ஜாம் போத்தலில் மந்திரித்த உப்பு எப்போதும் இருக்கும். திருநாளில் சுவாமியாரிடம் கொடுத்து மந்திரித்து எடுப்போம். புது வீட்டுக்குப் போனால் வாசலில் போடுவோம், கெட்டது உள்ளே வராது. வானுக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது. வாசலில் கெட்டது வராமல் மறிக்கிற உப்பு, வலை வாசலில் பந்து வராமல் மறிக்காதா? (பந்து இல்லை. கறுப்பு றப்பர் வட்டு. கெட்டது எண்டா அதுதான் கெட்டது.)

இனித்தான் என் அறிவைக் கேட்க வேண்டும். ஐஸில் உப்புப் போட்டால் ஐஸுக்கு ஏதும் ஆகுமோ என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொல்லக் கூடாது. மன்னாரில் என் தகப்பன் வைத்திருந்த மீன்வாடி ஞாபகம் வந்தது. ஐஸை உடைத்து மீன் பெட்டியில் போட்டு, மேலே இரண்டு கை உப்பை எறிவார்கள். கைவைத்தால் விரல் விறைக்கும். ஆகவே உப்பு ஐஸுக்கு நல்லது, சோற்றுக்குக் கறி மாதிரி, என்று முடிவெடுத்தேன். பெட்டிக்கு அடியால் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதை நான் அந்த நேரம் கணக்கில் எடுக்கவில்லை.

ஒரு சின்னக் குறை. ஜாம் போத்தலில் இருந்த உப்பு வலையின் அகலத்துக்குக் காணாது. தீர்த்தத்தில் வேறு தண்ணீர் கலந்தாலும் அது தீர்த்தம்தானே. அதே நியாயப்படி குசினியில் இருந்த ஒரு கிலோக் கல்லுப்புப் பைக்கற்றைக் கலந்தேன்.

லிட்கமுக்குக் கொஞ்சம் அங்கால்தான் அந்த ஐஸ் அரங்கு. ஐஸை மட்டமாக்கும் வண்டி ஓடி முடிந்து, தரை கண்ணாடி மாதிரிக் கிடந்தது. பிள்ளைகள் எல்லாரும் உள்ளே உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர்ப் போத்தலைக் கையிலும் உப்பைக் கோட்டுக்குள்ளும் வைத்துக்கொண்டு, பூசைக்குப் போடுகிற சப்பாத்தோடு இறங்கினேன். மூன்றாவது எட்டில் விழுந்தேன். எழும்பினேன், விழுந்தேன். கடைசியில் முழந்தாளிலேயே போனேன். வாழ்க்கையில் ஒரு நேர்த்திக்கும் முழந்தாளில் போகாதவன் நான். மேலே கதிரையில் இருந்த ஜெசிந்தா பக்கத்து அன்ரியிடம், "பாருங்கோ, மகளுக்காக எப்பிடிப் போறார் எண்டு" என்று கண்ணைத் துடைத்தாளாம்.

வலைக்கு முன்னால் அரைவட்டமாக முழுவதையும் தூவினேன். வெள்ளைக்கு மேல் வெள்ளை. ஒருவருக்கும் தெரியாது.

மேட்ச் தொடங்கியது. முதல் சில நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு எதிரணியில் பெரிய தாடிக்காரர் ஒருவர் பலமாக ஒன்று அடித்தார். வட்டு பறந்து வந்தது. வலைக்கு மூன்றடி முன்னால் வந்ததும், களைத்துப்போன மாதிரி மெதுவாகி, எட்வினின் காலடியில் வந்து நின்றது. எட்வின் குனிந்து பார்த்தார். வட்டும் அவரைப் பார்த்தது.

இன்னொன்று வந்தது. அதுவும் நின்றது. எட்வின் அசையவில்லை. (அசைய ஏலாமல் கத்தி புதைஞ்சு போச்சு எண்டு பிறகுதான் சொன்னார். அவர் வழமையா அசையிறதில்லை எண்டபடியா ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியேல்லை.)

முதல் பகுதி முடிய, பூச்சியத்துக்குப் பூச்சியம். எங்கள் ஆட்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் அந்தோனியார் பெயரில் ஏழைகளுக்கு நூறு றாத்தல் பாண் கொடுப்பதாக நேர்ந்தேன். டிலானி தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து, "அப்பா, வட் இஸ் ஹப்பனிங்?" என்றாள்.

"விசுவாசம் பிள்ளை" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அப்போது இரண்டு அணியும் பக்கம் மாறின.

பக்கம் மாறுவார்கள் என்று எனக்குத் தெரியாது. முதல் இரண்டு மேட்சிலும் நான் கண்ணை மூடிச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்த நேரமெல்லாம் எட்வின் ஏதோ ஒரு வலைக்குள் கிடந்தார். எந்தப் பக்கத்து வலை என்று நான் ஏன் பார்க்கப் போகிறேன்? இப்போது என் உப்புக்கு முன்னால் எதிரணிக்காரன் போய் நிற்கிறான். என் மகள் கோல் அடிக்க வேண்டிய வலையை நானே மந்திரித்து மூடியிருக்கிறேன்.

"இஞ்சாருங்கோ, ஏன் வேர்க்குது?" என்று ஜெசிந்தா மேலிருந்து கேட்டாள்.

இரண்டாம் பகுதியில்தான் அது நடந்தது. நடுவில் எதிரணியின் இரண்டு தாடிக்காரர்கள் முட்டிக்கொள்ள, வட்டு டிலானியின் மட்டைக்கு வந்தது. அவளுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. அவள் பறந்தாள். பறக்கிற மாதிரி இருக்கு என்று ஏன் சொன்னாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. எதிரணி கோல்காரன் அவளை மறிக்க ஒரு எட்டு முன்னால் வைத்தான். உருகிக் கூழாகிக் கிடந்த ஐஸுக்குள் கால் புதைந்து, மரம் சாய்ந்த மாதிரி முகம் குப்புற விழுந்தான். வலை வெறுமை. டிலானி அடித்தாள்.

வட்டு போனது. போய்க்கொண்டே இருந்தது. கோல் கோட்டுக்கு ஒரு அடி முன்னால் நின்றது.

அவள் தள்ளிவிட ஓடினாள். அவளும் விழுந்தாள். பின்னால் துரத்தி வந்த தாடிக்காரர் அவளுக்கு மேலால் விழுந்தார். எங்கள் ஆள் ஒருவர் அவருக்கு மேல். ஆட்களை எழுப்ப வந்த நடுவர் எல்லாருக்கும் மேல், விசிலை வாயில் வைத்தபடி. ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் ஊதிக்கொண்டிருந்தது.

அரங்கைப் பராமரிக்கும் கிழவர் வந்தார். குனிந்து கூழைத் தொட்டு, விரலை நாக்கில் வைத்தார். கறிக்கு உப்புப் பார்க்கிற மாதிரி.

"சோல்ட்" என்றார்.

எங்கள் பக்கம் கொதித்துவிட்டது. "அவங்கட வேலை. வெல்ல ஏலாமல் செய்திருக்கிறாங்கள்" என்று மற்றப் பக்கத்து வலைக்குள் இருந்து எட்வின் கத்தினார். ஜெசிந்தா எழும்பி நின்று, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், எதிரணியின் வளர்ப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தாடிக்காரர் பாவம், கையை விரித்தபடி நின்றார். டிலானி அவரைப் பார்த்து, "ஹவ் குட் யூ?" என்றாள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் செய்யாத ஒருவன்மேல் பழி விழ, செபமாலையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கோட்டுக்குள் இருந்து ஜாம் போத்தலை எடுத்து உயர்த்தினேன்.

"மை சோல்ட்" என்றேன். "ஹோலி."

கிழவர் கிட்ட வந்தார். ஐஸில் உப்புப் போட்டால் உருகும் என்று தெரியாதா என்று, கோபம் இல்லாமல், உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார்.

"எங்கட ஊரில போடுறது. ஃபிஷ்" என்றேன்.

"ஃபிஷ்?"

"யெஸ். வெரி குட் ஃபோர் ஃபிஷ்."

அவர் ஐஸில் குவியலாகக் கிடந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "தே ஆர் நொட் ஃபிஷ், மேட்" என்றார்.

எங்கள் சட்டைகளில் திருக்கை இருந்ததைச் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன்.

மேட்சை நிறுத்தினார்கள். இடம் இல்லை என்று சொன்னார்கள். வென்டித் திருக்கைகள் அன்றோடு சரி. எல்லாரும் வானில் ஏறினோம். நான் கண்ணாடியில் டிலானியைப் பார்க்கப் பயந்து ரோட்டையே பார்த்து ஓட்டினேன். பரமட்டா தாண்டும்போது பின்னால் இருந்து அவள் குரல் வந்தது.

"அப்பா, ஒண்டு கேக்கட்டே? ஃபர்ஸ்ட் பகுதியில எங்களுக்கு ஒரு கோலும் விழேல்லை. அதுக்கும் உப்புத்தானே?"

"ஓம் பிள்ளை."

"அப்ப எங்கட டீமில நல்லா விளையாடினது உப்பு மட்டும்தான்."

முதலில் எட்வின் சிரித்தார். வான் குலுங்கியது. ஒரே ஒரு அடியால் தவறிப்போன கோலை நினைத்து அவள் அழுதும் இருப்பாள். எனக்குக் காட்டவில்லை.

இப்போது அவள் வேறொரு அணியில் விளையாடுகிறாள். பார்க்கப் போனால் வாசலில் என் பொக்கற்றுகளைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். செபமாலைக்கு மட்டும் அனுமதி. வீட்டில் எது கடைசி அடியில் பிழைத்தாலும், ஸ்டேஷனில் ரெயின் கண்முன்னால் போனாலும், கேக் நடுவில் அமுங்கினாலும், "உப்பில நிண்டிட்டுது" என்பார்கள். என்னைப் பார்க்காமல்தான் சொல்வார்கள்.

போன வருஷம் டிலானிக்குக் கலியாணம். கையைப் பிடித்துக் கோவிலுக்குள் நடந்து போகிறேன். பீடத்துக்கு ஒரே ஒரு எட்டு இருக்கும்போது, அவளுடைய நீளமான வெள்ளை முக்காடு ஆட்கள் இருக்கிற மர வாங்கின் மூலையில் மாட்டிக்கொண்டது. இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். கோவில் முழுக்க அமைதி. அவள் என் பக்கம் சரிந்து, மெதுவாக, "அப்பா, உப்புப் போட்டனீங்களோ?" என்றாள்.

எங்கள் இரண்டு பேரின் தோளும் குலுங்கத் தொடங்கின. பின்னால் ஒரு அன்ரி, "பாவம், தகப்பனும் மகளும் எப்பிடி அழுகினம்" என்று தானும் அழுதது கலியாண வீடியோவில் தெளிவாகக் கேட்கும்.

பீடத்தில் நின்றவர் அதே சுவாமியார். உப்பு என்ற சொல் அவருக்கும் கேட்டுவிட்டது. பாவசங்கீர்த்தன இரகசியம், வாயைத் திறக்க முடியாது. பூசைப் புத்தகத்தை மெதுவாக உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். புத்தகம் ஆடிக்கொண்டிருந்தது.