ஜன்னல் அறைக்கு ஒரு போட்டி

லிஃப்ட் மெக்கானிக் அன்று காலை பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டார். ஜன்னல் அறை தனக்குத்தான். வானமே இடிந்து விழுந்தாலும் தனக்குத்தான்.

மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து அந்த அறைக்காகப் புருஷன் பெண்டாட்டிக்குள் இழுபறி. அவருக்கு அதில் வட்ட மேஜை போட்டு, பச்சைத் துணி விரித்து, கூட்டாளிகளோடு போக்கர் சீட்டு ஆட வேண்டும். மனைவிக்குத் தையல் மிஷினை அங்கே கொண்டுபோக வேண்டும். மிஷின் இப்போது இருப்பது சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவிலுள்ள நடையில். குளிக்கப் போகிறவர் முழங்கையை இடித்தால் ஊசி விரலில் ஏறும். வெளிச்சமும் கிடையாது. போன வாரம் கருநீலச் சட்டைக்குக் கறுப்பு நூலில் காலர் வைத்துவிட்டு, அத்தனையும் பிரித்துத் தைத்தாள். கண்ணில் நீர் வேறு வடிகிறது. நாளைக்கு ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனால் அவள் தொழில் என்ன ஆவது?

வாயால் மோதினால் தோற்பது அவர்தான். அதனால் சண்டையைச் சீட்டுக்கு மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை போட்டி, தோற்றவர் அறையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. அவள் நூலைப் பல்லால் கடித்தபடி, தனக்கு ஆடத் தெரியாதே என்றாள்.

"அதுக்கென்ன, நான் சொல்லித் தர்றேன்" என்றார். குரலில் தேன் வழிந்தது.

அன்று மாலையே பாடம் ஆரம்பம். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியாக ஒன்று. ஐந்து சீட்டு வரிசையாக அமைந்தால் ஸ்ட்ரெயிட். கையிலும் நடுவிலுமாக ஐந்து, ஆறு, ஏழு, எட்டு சேர்ந்துவிட்டால், நாலு வந்தாலும் யோகம், ஒன்பது வந்தாலும் யோகம். சீட்டுக்கட்டில் அப்படி எட்டுச் சீட்டு உண்டு. வரிசையின் நடுவில் ஓட்டை என்றால் நாலே சீட்டுதான். இதுவரை யோக்கியமாகத்தான் சொல்லித் தந்தார். விஷத்தை வைத்தது இதற்கு அப்புறம்.

"ஸ்ட்ரெயிட் வர்ற மாதிரி இருந்தா விடவே கூடாது. எதிராளி எவ்வளவு வச்சாலும் நீயும் வச்சுட்டுப் பேசாம காத்திரு. நீயா முந்திக்காதே."

"வரலைன்னா?"

"வரும். வந்த பிறகு கையில இருக்கிற மொத்தத்தையும் நடுவுல தள்ளு. அதுவரைக்கும் பொறுமை. பொறுமைதான் முக்கியம்."

அது எவ்வளவு கெட்ட புத்திமதி என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்திலேயே கிடையாது. அவருடைய தொழிற்சங்கத்தில் நடக்கும் போட்டிகளில் அப்படிக் காத்திருந்து காத்திருந்தே முதல் ஆளாக வெளியே வருகிறவர் அவர். தெரிந்தே அதைத் தினமும் மனைவிக்கு ஊட்டினார். அவளும் தலையாட்டிக்கொண்டே பட்டன் தைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி, பஸ் டிரைவர், மூன்றாவது ஆளாக வந்து உட்கார்ந்தான். பணத்துக்குப் பதில் சட்டைப் பட்டன். மூன்று பேருக்கும் ஒரே அளவு குவியல். பட்டன் தீர்ந்தால் எழுந்து போக வேண்டியதுதான், மறுபடி வாங்க முடியாது. நேரம் ஆக ஆக, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டாயமாக வைக்க வேண்டிய பட்டன் வேறு ஏறிக்கொண்டே போகும்.

தம்பிதான் முதல் பலி. ஐந்தும் ஏழும் அவன் கையில். நாலும் எட்டும் ராஜாவும் நடுவில். ஒரு ஆறுக்காகக் கடைசிவரை காத்திருந்தான். மெக்கானிக்கிடம் ஜோடி ராஜா. ஆறு வரவில்லை. பட்டன் எல்லாம் மெக்கானிக் பக்கம் போனது.

"பார்த்தியா மாப்ளே, ஓட்டைக்கு ஆசைப்பட்டா இப்படித்தான்" என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். மனைவி காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அடுத்து நடுவில் வந்தவை ஆறு, ஏழு, பத்து. மெக்கானிக்கிடம் ஒரு பத்து இருந்தது. ஜோடி. கொஞ்சம் பட்டன் வைத்தார். அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தன் குவியல் முழுவதையும் நடுவில் தள்ளினாள்.

அவர் தன் சீட்டை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். வந்த பிறகு தள்ளு என்று சொல்லித் தந்தவரே அவர்தானே. தள்ளிவிட்டாள் என்றால் எட்டும் ஒன்பதும் கையில் வைத்திருக்கிறாள், வரிசை வந்துவிட்டது. ஆட்டத்தை விட்டுக்கொடுத்துச் சீட்டைக் கவிழ்த்தார்; அவர் வைத்த பட்டன் அவளுக்குப் போனது.

இன்னொரு ஆட்டம். மறுபடி தள்ளினாள். கவிழ்த்தார். மறுபடியும். ஆட்டத்தை இழந்து சீட்டுப் போடும் வேலைக்கு வந்திருந்த தம்பி, இந்த வீட்டில் ஸ்ட்ரெயிட் என்ன குழாயைத் திறந்தால் கொட்டுகிறதா என்று கேட்டான். அப்போதுதான் மெக்கானிக்குக்கு உறைத்தது. இத்தனை தடவை ஒருத்திக்கே வருமா? பார்த்தால் அவள் குவியல் அவருடையதைவிட உயர்ந்திருந்தது.

அடுத்த கையில் அவருக்கு இரண்டு ஏஸ். நடுவில் ராணி, ஜாக், ஏழு. அவள் தள்ளினாள். இந்தத் தடவை அவரும் நாற்காலி பின்னால் சாய எழுந்து நின்று மொத்தத்தையும் தள்ளினார். சீட்டைத் திறந்தார்கள். அவளிடம் பத்தும் ஒன்பதும். ஒரு ஜோடிகூட இல்லை.

"ஒண்ணுமே இல்லாமயா இவ்வளவு நேரமும் என்னை மிரட்டின?"

"ஒண்ணுமே இல்லைன்னு யார் சொன்னது? ராஜா வந்தாலும் சரி, எட்டு வந்தாலும் சரி. எட்டுச் சீட்டு இருக்கு."

தம்பி ஒரு சீட்டைப் போட்டான். இரண்டு. மெக்கானிக் ஜன்னல் அறையில் மேஜையை மனசுக்குள் போட்டே விட்டார். கடைசிச் சீட்டைத் திருப்பினான். எட்டு.

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. சங்கத்தில் எத்தனையோ சூரர்களைப் பார்த்தவர்; இப்படி ஓர் ஆட்டத்தை இன்றுதான் பார்க்கிறார். முன்கூட்டித் தள்ளினால், எதிராளி பயந்து கவிழ்த்தாலும் வெற்றி, கவிழ்க்காவிட்டால் சீட்டு வந்தாலும் வெற்றி. காத்திருக்கிறவனுக்கு ஒரு வழி, அவளுக்கு இரண்டு. வாய் தானாகப் பிளந்தது.

"சத்தியமா சொல்றேன், உன்னை மாதிரி ஆடுற ஆளை நான் பார்த்ததே இல்ல. இதை யாரு உனக்குச் சொல்லித் தந்தது?"

"நீங்கதான்" என்றாள், நடைக்குப் போய், மிஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கச் சொல்லிக் கண்ணால் சாடை காட்டியபடி. "கல்யாணமானதுலேருந்து நீங்க எனக்கு எதையும் ரெண்டாவது தடவை சொன்னது கிடையாது. காத்திரு, காத்திருன்னு இதை மட்டும் தினமும் சிரிச்ச முகமா சொன்னீங்க. அப்பவே தெரிஞ்சு போச்சு, காத்திருக்கவே கூடாதுன்னு."