பேப்பரை நிறுத்தத் தெரியாதவர்

பாப்பிரெட்டிப்பட்டியில் மழை தவறும், கரண்ட் தவறும், சித்தேரி பஸ்கூடத் தவறும். பண்டல் மட்டும் தவறியதே இல்லை. பண்டல் என்பது எங்கள் ஊர் பேப்பர் ஏஜென்ட். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

‘பேப்பரை நிறுத்திடுங்க’ என்று யார் சொன்னாலும் அவருக்குக் காது கேட்காது. பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போன வாத்தியார் ஒருவர், வரும்வரை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தால், பேப்பர் குவியலில் மாட்டி கேட் திறக்கவில்லை. கேட்டதற்கு, “பூட்டின வூடுன்னா பேப்பர் வேணாமுங்களா?” என்றார் பண்டல்.

இப்பேர்ப்பட்டவர் போன வருஷம் ஒரு சரித்திர நாவல் எழுதினார். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தப் பக்கம் பத்திரிகை நடத்திய ஒரு முதலாளியின் நிஜக் கதை. சர்க்காரைத் திட்டி எழுதியதால் அச்சகத்தைப் பூட்டிவிட்டார்கள். பத்திரிகை அதோடு நின்றது. கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. படிக்க ஆரம்பித்ததும் அடங்கிவிட்டது.

நாவலில் முதலாளி ஒரு வரிகூட எழுதுவதில்லை. விடிந்ததும் பேப்பர் கட்டு வந்துவிட்டதா என்று பார்க்கிறார். நனைந்த பேப்பரைக் காய வைக்கிறார். காதல் காட்சியும் உண்டு. நாயகி ஜன்னலைத் திறக்கிறாள். அவர் பேப்பரைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்.

நான் வாரப் பத்திரிகையில் எழுதுகிறவனாம். அதனால் நாவலை என்னிடம் படிக்கக் கொடுத்திருந்தார்; நான் சொல்வதுதான் அவருக்கு முடிவு. தினமும் காலையில் வண்டியை நிறுத்தித் தெருவே கேட்கக் கூப்பிடுவார்.

“சார், எங்க இருக்கறீங்க?”

“வூட்லதாங்க.”

“அது தெரியுதுங்க. நாவல்ல எங்க?”

பாத்ரூமில் ஒளிந்துகூடப் பார்த்தேன். குழாய்ச் சத்தம் நிற்கும்வரை காத்திருந்தார். வேறு வழியில்லாமல் படித்து முடித்தேன். கடைசியில் அச்சகத்தைப் பூட்ட வெள்ளைக்கார துரை பூட்டோடு வருகிறார். முதலாளி அன்றைய பேப்பரை அவர் கையில் கொடுக்கிறார். துரை படித்துக்கொண்டே திரும்பிப் போய்விடுகிறார். சுபம்.

மறுநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னேன். “நல்லா இல்லீங்கண்ணே. பூட்டுப் போட்டதுதானே கதை? அதையே விட்டுட்டீங்களே.”

அவர் முகம் சுண்டிப்போனது. வண்டி இன்ஜினை அணைத்தார். அவர் இன்ஜினை அணைத்து அன்றுதான் பார்த்தேன்.

“எழுதிப் பாத்தனுங்க சார். எழுதி எழுதிக் கிழிச்சேன். விடிஞ்சா ஜனங்க வாசல்ல வந்து நிப்பாங்க, பேப்பர் இருக்காதுன்னு எழுதணும். கை வரலீங்க.”

மறுநாள் வருவாரோ மாட்டாரோ என்று நானே கேட்டில் போய் நின்றேன். பேப்பர் வந்தது. கேள்வி வரவில்லை. எனக்கு என்னவோ போல இருந்தது.

இப்போது எல்லாச் செய்தியும் செல்போனிலேயே வந்துவிடுகிறது. எங்கள் தெருவில் காசு கொடுத்துப் பேப்பர் வாங்குவது எங்கள் வீடு ஒன்றுதான். “தண்டத்துக்கு எதுக்குங்க? நிறுத்தச் சொல்லுங்க” என்கிறாள் என் மனைவி. சொன்னாலும் அவர் காதில் விழாது என்று சமாளித்து வைத்திருக்கிறேன்.

உண்மையில், சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.