இணைப்புப் பட்டை ஒன்று உடனே அனுப்பவும்

பேரன்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு நானும் தங்கள் தமக்கையாரும் நலமே. அங்கு தாங்களும், தங்கள் இல்லத்தாரும், தங்களின் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் அன்புடன் அனுப்பிய இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளும், மூன்று பக்கக் குறிப்பும் போன மாதமே பத்திரமாக வந்து சேர்ந்தன. பத்திரம் என்பது வந்து சேர்ந்த நாளோடு சரி. அதற்குப் பின் நடந்ததைப் போனில் சொல்ல முடியாது. உன் அக்கா காதில் ஹெட்போன் மாட்டியிருந்தால் வீடே இடிந்தாலும் கேட்காது, ஆனால் அவளைப் பற்றி நான் முணுமுணுத்தால் மட்டும் எப்படியோ கேட்டுவிடும். அதனால்தான் கடிதம். மரியாதை இந்தப் பத்தியோடு போதும், இனி நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் விஷயம். எனக்கு இணைப்புப் பட்டை ஒன்று வேண்டும். இரண்டு கார்டுகளையும் தலையோடு தலை சேர்த்துக் கட்டுமே, விரல் நீளத்துக்கு, அதுதான். பழையது என்னவாயிற்று என்று கேட்காதே. கேட்காமல் இருக்க மாட்டாய் என்று தெரியும், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

இதற்கெல்லாம் காரணம் நீதான். உன் அக்கா முப்பது வருஷம் தட்டச்சு அடித்து ஓய்வு பெற்றபோது ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து முறையாக அனுப்பி வைத்தார்கள். நீ ஒரு கம்ப்யூட்டரையும் அதில் ஒரு விளையாட்டையும் கொடுத்தாய். குதிரையில் போய்க் கோட்டை பிடிக்கிற விளையாட்டு. "சின்னப்புள்ள வேலை இது, ஒரு வாரத்துல அலுத்துரும்" என்று அன்றைக்கு நான் சொன்னேன். இரண்டரை வருஷம் ஆகிறது. இப்போது அவள் ஏழு பேர் கொண்ட ஒரு படைக்குத் தலைவி. மற்ற ஆறு பேரும் எந்தெந்த ஊரிலோ இருந்துகொண்டு, "பெரியக்கா, இடது பக்கம் வர்றாங்க, அம்பு விடுங்க!" என்று கத்துகிறார்கள். தட்டச்சு அடித்த விரல்கள், அம்பு மழையாகப் பொழிகிறது.

நானும் முப்பத்தாறு வருஷம் குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக்காக இருந்துவிட்டு எட்டு மாதத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே ஆறு கம்ப்ரெஸர் ஒன்றாக உறுமுகிற சத்தத்திலும் என்னோடு நாலு பேர் பேசுவார்கள். இங்கே வீடு அமைதியாக இருக்கிறது, பேசத்தான் ஆளில்லை. ஒரு நாள் அறை வாசலில் நின்று, "கடைக்குப் போறேன், ஏதாவது வேணுமா?" என்று கேட்டேன். "கதவச் சாத்து, கதவச் சாத்து!" என்று அலறினாள். நான் ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டு வந்தேன். அது கோட்டைக் கதவாம். கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் அவள் என்னை ஒருமையில் சொன்னதில்லை என்பதை வைத்தாவது நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான், ஒரு முக்கியமான முற்றுகையில் படம் அப்படியே உறைந்து நின்று, உன் அக்காவின் படை மண்ணைக் கவ்வியது. உடனே உனக்குப் போன் போயிற்று, உன்னிடமிருந்து பார்சல் வந்தது. அவள் உன் குறிப்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "நீங்களே படிச்சுப் பாத்து எந்த வழி நல்லதுன்னு சொல்லுங்க. நீங்க சொல்ற மாதிரியே செஞ்சுரலாம்" என்றாள். மைத்துனா, இந்த வீட்டில் திரைச்சீலை நிறம் முதல் கட்டில் எந்தப் பக்கம் தலை வைத்துக் கிடக்க வேண்டும் என்பது வரை முடிவு செய்தவள் அவள். என்னிடம் ஒரு முடிவு கேட்கப்பட்டது இதுதான் முதல் தடவை.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தேன். நீ இரண்டு வழி எழுதியிருந்தாய். முதல் வழி, இரண்டு கார்டுகளையும் பட்டை போட்டு இணைப்பது. இரண்டின் பலமும் ஒரே திரைக்கு வரும், ஆடுகிறவர் ஒருவர், படம் தங்குதடையில்லாமல் ஓடும். இரண்டாம் வழி, பட்டையே போடாமல் தனித்தனியாக விடுவது. ஒரே பெட்டியை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு கார்டு, ஆளுக்கு ஒரு திரை, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம். அடியில், "முடிவு உங்கள் வீட்டுத் தேவையைப் பொறுத்தது" என்று கோடு வேறு போட்டிருந்தாய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆடுகிறவள் ஒருத்தி. முதல் வழிதான். நாலு நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. ஆனாலும் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறார்களே என்று நாலு நாள் எடுத்துக்கொண்டேன்.

முடிவைச் சொன்னதும், "அப்படியா? சரி" என்றாள். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் கூர்மையான முடிவைக் கண்டு மலைத்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கார்டுகளை மாட்டியது நான்தான். மாட்டி முடித்துப் பார்த்தால், திரையின் ஓரத்தில் வருகிற அளவில் முதல் கார்டு நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வேலை செய்கிறது, இரண்டாவது கார்டு ஒன்று, இரண்டு, பூஜ்யம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் மட்டும் முறையாகச் சாப்பிடுகிறது. அந்த இரண்டாவது கார்டைப் பார்க்கப் பார்க்க எனக்கு அதன்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது, ஏனென்று நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை. உனக்குப் போன் செய்தேன். நீ சிரித்துவிட்டு, எங்கோ ஒரு கட்டத்தில் ஒரு குறி போடச் சொன்னாய். போட்டேன். இரண்டும் வேலை செய்தன. இரண்டும் அடுப்பாகவும் எரிந்தன.

சூடு என்று வந்துவிட்டால் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். என் பழைய தெர்மாமீட்டரை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன். பாதரசம் மேலே மேலே ஏறியது. பின்பக்க அறையில், ஒரு குளிர்பானக் கடை மூடியபோது நான் வாங்கிப் பழுது பார்த்து வைத்திருந்த கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் சும்மாதானே நிற்கிறது? தட்டுகளைக் கழற்றினேன். கதவு ரப்பரில் ஓட்டை போட்டு வயர்களை வெளியே எடுத்தேன். கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். நாற்பது நிமிஷம் உன் அக்கா ஆடினாள். படம் துள்ளிக்கொண்டு ஓடியது. "பரவாயில்லையே, மூளை வேலை செய்யுது" என்றாள். அந்த வார்த்தையை நான் இன்னும் மனதில் வைத்திருக்கிறேன்.

அவள் ஆட்டத்தை நிறுத்திப் பெட்டியை அணைத்துவிட்டு டீ போடப் போனாள். ஃபிரிட்ஜ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து, எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்க்கக் கதவைத் திறந்தேன். திறந்தவன் உடனே மூடினேனா? இல்லை. என் கைவண்ணத்தை ஐந்து நிமிஷம் நின்று ரசித்தேன். குளிர்ந்த இரும்பின்மேல் வெளிக்காற்று பட்டால் வியர்க்கும் என்று முப்பத்தாறு வருஷம் ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். பெட்டிக்குள் இருந்த ஒவ்வொன்றும் முத்து முத்தாக வியர்த்திருந்ததை நான் கவனிக்கவில்லை. உன் அக்கா வந்து பொத்தானை அமுக்கினாள். 'டப்' என்று ஒரு சத்தம். வீடே இருண்டது.

"கதவத் தெறந்து போட்டுத் தண்ணி கோத்தா மத்தவங்கள எல்லாம் எப்படித் திட்டுவீங்க! நெனவு இருக்கா?" என்றாள் இருட்டில். முகம் தெரியவில்லை என்றாலும் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

எல்லாவற்றையும் கழற்றித் துணியில் பரப்பி ஃபேனுக்கு அடியில் காய வைத்தேன். கார்டுகள் இரண்டும் பிழைத்தன. பட்டையின் பற்களில் மட்டும் லேசாகக் கறை தெரிந்தது. கறையைக் கண்டால் உப்புத்தாள் போடாமல் இந்தக் கைக்கு இருக்க முடியாது. நன்றாகத் தேய்த்தேன். பளபளப்போடு பற்களும் போய்விட்டன. இப்போது தெரிந்ததா உன் பட்டை என்னவாயிற்று என்று?

இனி எழுதப் போவதை உன் அக்காவிடம் சொல்லாதே. அந்தப் பெட்டி காய்ந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். முதல் நாள் என்னைத் திட்டினாள், அதுகூட நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் மாலை இரண்டு பேரும் பூங்கா வரை நடந்தோம். படையில் இருக்கிற ஆறு பேரைப் பற்றியும் சொன்னாள். ஒருவன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறானாம், ஒருத்தி இரட்டைக் குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுச் சரியாக ஒரு மணி நேரம் மட்டும் வருவாளாம். பிறகு, "அது சரி, கம்ப்ரெஸர் ஏன் அப்படி உறுமுது?" என்று என்னைக் கேட்டாள். இந்த வீட்டில் முப்பத்தொரு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. வீடு வந்து சேரும் வரை பதில் சொன்னேன். உண்மையில் அந்தப் பெட்டி இரண்டாம் நாளே காய்ந்துவிட்டது. தொட்டுப் பார்த்தேன், சொட்டு ஈரமில்லை. ஆனால், "இன்னும் ஒரு நாள் காயட்டும், அவசரப்பட்டா மறுபடி போயிரும்" என்று சொல்லிவிட்டேன். மெக்கானிக் சொன்னால் நம்ப வேண்டியதுதானே. மூன்றாம் நாள் மாட்டினேன், ஓடியது. ஹெட்போனையும் மீறி அறையிலிருந்து "பெரியக்கா!" என்று ஆறு குரல் கேட்டது. நான் போய் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

பட்டை இல்லாததால் இப்போது ஒரு கார்டில் ஓடுகிறது. மறுபடி முக்கியமான நேரத்தில் படம் உறைந்தால் அந்தப் பாவமும் என் தலையில்தான் விழும். அவள் படை ஜெயிக்க வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம். ஆகவே பட்டையை அனுப்பு. சூட்டுக்கு இரண்டு நல்ல ஃபேன் வைத்துவிடுகிறேன், ஃபிரிட்ஜ் பக்கமே போக மாட்டேன்.

இன்னொன்று. உன் அக்கா கேட்ட பொருள்களுக்கு உன் கடை அனுப்பிய பட்டியல் மேசையில் கிடந்தது. இன்னொரு ஹெட்போனாம். இருப்பது ஒரு தலை, எதற்கு இரண்டு ஹெட்போன்? முதுகுக்கு மெத்தை வைத்த நாற்காலியாம். அவளுக்கு முதுகு வலி என்று ஒரு நாளும் கேள்விப்பட்டதில்லை, இந்த வீட்டில் முதுகு வலி எனக்குத்தான். இதையெல்லாம் தூக்கி அடிக்கிற மாதிரி, இடது கைக்காரர்களுக்கான மவுஸ் ஒன்று! இங்கே இடது கைக்காரன் நான் ஒருவன்தான், நானோ அந்தப் பெட்டியை ஸ்க்ரூ கழற்ற மட்டுமே தொடுகிறேன். வேறு யாரோ கேட்ட பட்டியலை உன் கடை ஆட்கள் இதில் சேர்த்துக் குழப்பியிருக்கிறார்கள். மூன்றையும் அடித்துவிட்டுப் பட்டையை மட்டும் அனுப்பு. கடையில் ஆள் வைத்தால் மட்டும் போதாது, மேலே ஒரு கண்ணும் வைக்க வேண்டும்.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல். குழந்தைகள் நன்றாக வளரட்டும், உன் கடைக்குக் கூட்டம் குறையாமல் இருக்கட்டும், உன் குறிப்புகள் மட்டும் இனிமேல் ஒரு பக்கத்தில் முடியட்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
அத்தான்

பின்குறிப்பு: மேலே நலம் விசாரித்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடு.

என் கையெழுத்தில் விலாசம் எழுதினால் தபால்காரர் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார் என்பதால், உறையை உன் அக்காவிடம் கொடுத்தேன். ஒட்டாமல் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்துவிட்டாள். உப்புத்தாள் வரும் இடத்தில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"ரெண்டாவது வழின்னு சொல்லுவீங்கன்னுதான் உங்ககிட்ட கேட்டேன்" என்றாள்.

"அத நேரா சொல்ல வேண்டியதுதானே?"

"சின்னப்புள்ள வேலைன்னு சொன்னது யாரு? நானா?"

எனக்கு அசடு வழிந்தது. கடிதத்தை மடித்தபடி, "அந்தப் பெட்டி ரெண்டாம் நாளே காஞ்சுருச்சு. நானும்தான் தொட்டுப் பாத்தேன்" என்றாள்.

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள். அவர்கள் கோட்டையில் ஒரு லாயம் இருக்கிறது. ஏழு பேர் படைக்கு எட்டுக் குதிரைகள் நிற்கின்றன. எட்டாவது, வெள்ளைக் குதிரை. அதன் பெயர் 'ஐஸ்பெட்டி'. வாங்கிய தேதியும் அதிலேயே இருக்கிறது, நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த தேதி. ஆள் ஏறாத குதிரைக்குத் தினமும் புல் போடாவிட்டால் செத்துவிடுமாம். எட்டு மாதமாக ஒரு நாள் விடாமல் போட்டு வந்திருக்கிறாள்.

ஆகவே பட்டை வேண்டாம். கார்டுகள் தனித்தனியாகவே இருக்கட்டும். ஹெட்போனும் நாற்காலியும் மெதுவாக வந்தால் போதும், இடது கை மவுஸை மட்டும் முதல் வண்டியில் ஏற்றிவிடு. குதிரைக்கு இன்று நான்தான் புல் போட்டேன்.