ஒற்றைக்காலில் நின்ற சிறப்பு விருந்தினர்

சனிக்கிழமை மாலை சரியாக நான்கு இருபதுக்கு என் மச்சான் ஒற்றைக்காலைத் தூக்கினார். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். உலகத்தில் முறியாத எலும்பே கிடையாது என்பது என் ஆழ்ந்த நம்பிக்கை. என் மகள் தமிழினியோ நெடுங்காடு பெண்கள் கபடிக் குழுவில் ஆடுகிறாள். (அவள் ரெய்டு போனால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நிலவரம் சொல்வார்.) போன வருஷம் அவளுக்கு முட்டி பிசகியது. குணமான பிறகு, குழு முழுவதும் ஆட்டத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய பயிற்சிகளை மருத்துவர் கற்றுக்கொடுத்தார். முதலில் மெதுவான ஓட்டம், அப்புறம் ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து முட்டியை மடக்கி இறங்குவது, இப்படி.

"எல்லாப் பொண்ணுங்களும் இதச் செஞ்சா இவ ஆடட்டும். இல்லன்னா கபடியே வேணாம்" என்று என் மனைவி மல்லிகா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

பெண்கள் செய்யவில்லை. பயிற்சியாளர் செல்வம் கையை விரித்தார். "எங்க சார், ஒத்தக்கால்ல நிக்கச் சொன்னா ஒருத்தியப் பாத்து ஒருத்தி சிரிச்சே விழுந்துடுதுங்க. பள்ளிக்கூடத்துல தண்டனை குடுத்த மாதிரி இருக்காம்."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் குடிநீர்க் குழாயோ, பஸ் நிழற்குடையோ, எதுவானாலும் ஒரு பெரிய மனிதர் பொன்னாடையோடு வந்து தொடங்கி வைத்தால்தான் ஊர் அதை நம்பும். காயத் தடுப்புப் பயிற்சிக்கும் அப்படி ஒரு தொடக்க விழா நடத்தினால் என்ன?

பெரிய மனிதர் குடும்பத்திலேயே இருந்தார். மல்லிகாவின் அண்ணன், அரிசி ஆலை வைத்திருப்பவர், குழுவுக்குப் பனியன் வாங்கிக் கொடுத்தவர். அறுவடை முடிந்த வயலில் பந்தல் போட்டோம். மச்சான் கைகூப்பிச் சிரிக்கும் ஃப்ளெக்ஸ் பேனரைப் பந்தல் காலில் கட்டினோம். மீன்பிடி ஊரான கருக்களாச்சேரியின் பெண்கள் குழுவை நட்பு ஆட்டத்துக்கு அழைத்தோம். மைக் என் கையில் இருந்தது.

முதலில் ஓட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்தான். ஆனால் சிறப்பு விருந்தினரை மாலையோடு ஓட விடுவது மரியாதையில்லை என்று அதை நான் விட்டுவிட்டேன்.

"மாப்ள, வேட்டியோடவா?" என்றார் மச்சான் ரகசியமாக. மைக்கில் அது ஊருக்கே கேட்டது.

"மடிச்சுக் கட்டிக்கங்க மச்சான். சும்மா ஒரு அடையாளத்துக்குத்தான்."

ஒற்றைக்காலில் நின்றார். கூட்டம் விசிலடித்தது. "தலைவரே, அடுத்த காலு!" என்று ஒருவன் கத்தினான். விசில் மச்சானுக்கு ஏறிவிட்டது. நான் அடுத்த பயிற்சியை அறிவித்து முடிப்பதற்குள் குதித்தார். முட்டியை மடக்கி இறங்கவேண்டிய மனிதர், நெல் மூட்டையை லாரியிலிருந்து தள்ளிவிட்டதுபோல இறங்கினார். விழும்போது பிடிப்புக்குப் பந்தல் காலைப் பிடித்தார். அதுவும் சாய்ந்தது. பேனர் அவர்மேல் விழுந்து தலையோடு மூடியது.

அசைவே இல்லை. கொன்றுவிட்டேன், சொந்த மச்சானை மைக் வைத்துக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு பேனருக்கு அடியிலிருந்து, "யோவ் மாப்ள, மொதல்ல இத எடுய்யா" என்று குரல் வந்தது. வாழ்நாளில் அவ்வளவு இனிமையான குரலைக் கேட்டதில்லை.

கணுக்கால் பந்துபோல வீங்கியிருந்தது. கருக்களாச்சேரிப் பெண்கள் ஓடிப்போய்த் தாங்கள் வந்த மீன் வண்டியின் பெட்டியிலிருந்து ஐஸ் அள்ளி வந்து வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் வஞ்சிரம் மணக்க உட்கார்ந்திருந்தார்.

மல்லிகா அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தமிழினி, பைய எடு. கபடியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்." தமிழினி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பனியனின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்திருந்தது. எங்கள் ஊரில் வரவேற்புக்கும் இரங்கலுக்கும் ஒரே மாதிரி கைகூப்பிய படம்தான். சாலையில் பைக்கை நிறுத்திப் பார்த்த யாரோ, மாலையையும், மூடிக்கிடந்த உடம்பையும், மேலே மச்சானின் படத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஆள் போய்விட்டார் என்று அவர் வீட்டுக்குப் போன் செய்துவிட்டார். (இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது தும்மினால், "அப்பா, பேனர் அடிக்கச் சொல்லட்டுமா?" என்பாள் தமிழினி என்னைப் பார்த்துக்கொண்டே.)

மச்சானின் மனைவி விஜயா ஆட்டோவில் அலறிக்கொண்டு வந்து இறங்கினார். புருஷன் கோலி சோடா குடித்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் அழுகை சட்டென்று நின்றது. என்ன நடந்தது என்று செல்வத்திடம் கேட்டார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு மல்லிகாவிடம் திரும்பினார்.

"ஒரு நாளும் குனிஞ்சு நிமுந்து பழகாத மனுஷன் குதிச்சாரு, விழுந்தாரு. அதுக்கு ஆடுற புள்ளய எதுக்கு வூட்டுக்கு இழுக்குற? பழகாம ஆடுனாத்தான் பயம்." பெண்கள் பக்கம் கையை நீட்டினார். "ஏண்டி, பாத்தீங்கல்ல? மொதல்ல ஓடுங்க, அப்புறம் ஒத்தக்கால்ல நில்லுங்க. எவ சிரிக்கிறாளோ, அவ எங்க வூட்டுக்கு வந்து ஒரு மாசம் இவருக்குக் கால் புடிச்சு வுடணும்."

பெண்கள் ஓடத் தொடங்கினார்கள். தமிழினி பையைப் போட்டுவிட்டு முதல் ஆளாக ஓடினாள். மல்லிகா தடுக்கவில்லை.

விஜயா என்னிடம் வந்தார். "அண்ணே, அந்த மைக்க இப்புடிக் குடுத்துட்டு, நீங்களும் ஓடுங்க."