ஆறு மணி நேரத்தில் புறப்படும் பிரிவு

நாட்டின் எந்த மூலையில் எந்த ஆபத்து வந்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் மூட்டை முடிச்சோடு கிளம்பிப் போய், வெறும் பொட்டலில் ஒரு விமானத் தளத்தை உண்டாக்கிவிட வேண்டும். அதற்காகவே ஏற்படுத்தப்பட்டது அந்த விமானப் படைப் பிரிவு. ஏற்படுத்தி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அது எங்கும் போனதில்லை என்பது உண்மைதான். ஆனால் போகத் தயாராக இல்லாமல் ஒரு நிமிஷம்கூட இருந்ததில்லை.

தயார்நிலை என்பது விளையாட்டுக் காரியமல்ல. கூடாரம், வானொலிக் கருவி, ஓடுதள விளக்கு, அண்டா, ஸ்பானர் எல்லாம் நானூற்றுப் பன்னிரண்டு பச்சைப் பெட்டிகளில் ஆணி அடித்து வைக்கப்பட்டிருந்தன. மேஜை நாற்காலிகளும் கொண்டுபோக வேண்டியவற்றின் பட்டியலில் இருந்ததால் அவையும் பெட்டிக்குள்தான். ஆகவே தளபதி ஏழாம் எண் பெட்டியில் உட்கார்ந்து எட்டாம் எண் பெட்டியின் மேல் கையெழுத்துப் போட்டார். விருந்தாளி வந்தால் ஒன்பது. சுவர்க் கடிகாரமும் உள்ளே போய்விட்டபடியால், ஆறு மணி நேரம் என்பதை எல்லோரும் குத்துமதிப்பாகவே வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளி விழாக் காணும் ஒவ்வொரு பிரிவும் தன் வரலாற்றைப் பத்துப் பக்கத்தில் எழுதி அனுப்ப வேண்டும் என்று தலைமையகம் உத்தரவு போட்டது. அந்தப் பொறுப்பு பிரிவின் எழுத்தர் தலையில் விழுந்தது. அவர் பழைய கோப்புகளை நான்கு நாள் புரட்டினார். பிரிவுக்கு மொத்தம் மூன்று முறை புறப்பாட்டு உத்தரவு வந்திருந்தது.

முதல் முறை எல்லையில் ஏதோ தகராறு. ஐந்தரை மணி நேரத்தில் சாமான்களைக் கட்டிவிட்டார்கள். ஆனால் புறப்படுமுன் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. சரிபார்க்கப் பெட்டியைத் திறக்க வேண்டும். திறந்தால் மறுபடி கட்ட வேண்டும். கட்டினால் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஒன்பதாவது முறை கட்டிக்கொண்டிருந்தபோது தகராறு சமாதானமாக முடிந்துவிட்டதாகத் தகவல் வந்தது.

இரண்டாவது முறை வெள்ளம். புறப்பாட்டுப் படிவத்தில் திரும்பி வரும் தேதியைக் குறிக்க வேண்டும். வெள்ளம் எப்போது வடியும் என்று தெரியாமல் பொறுப்புள்ள எந்த அதிகாரி தேதி போடுவார்? வெள்ளம் வந்த ஊரின் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார்கள். அலுவலகம் தண்ணீரில் இருப்பதால் பதில் தாமதமாகும் என்று பதில் வந்தது.

மூன்றாவது முறை ஒன்பது ஆண்டுகளுக்கு முன். குடும்பத்தோடு இடம் பெயர வேண்டும் என்று உத்தரவு. அறுபது வீட்டுச் சாமான்களும் அதே மாதிரிப் பச்சைப் பெட்டிகளில் கட்டப்பட்டு, பிரிவின் பெட்டிகளோடு விமான மைதானத்தில் வரிசையாக வைக்கப்பட்டன. ஏற்றிக்கொண்டு போக விமானம் வேண்டும் என்று கேட்டு எழுத எல்லோரும் மறந்துவிட்டார்கள். இரண்டு நாள் மழையில் நனைந்த பிறகு உத்தரவு ரத்தானது. சாக்கட்டியால் எழுதியிருந்த எண்கள் எல்லாம் மழையில் அழிந்துபோயின. ஸ்டோர் கீப்பர் அன்று மாலைக்குள்ளேயே அத்தனை பெட்டிக்கும் புதிதாக எண் போட்டு முடித்தார். அந்தச் சுறுசுறுப்புக்காக அவருக்குப் பாராட்டுக் கடிதம் கொடுக்கப்பட்டது. அன்றிலிருந்து, புறப்பாட்டு உத்தரவு வந்து போய்ச் சேர்ந்த பிறகே எந்தப் பெட்டியையும் திறக்கலாம் என்று புதிய விதி வந்தது. வீட்டுப் பெட்டிகளுக்கும் அதே விதிதான்.

எழுத்தர் வீட்டுப் பெட்டியில் இருந்தது அவர் மனைவியின் தையல் மிஷின். கல்யாணத்துக்கு முன்பே அவள் சொந்தமாக உழைத்து வாங்கியது. ஒன்பது வருஷமாக அந்தப் பெட்டிதான் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. தட்டை வைக்கும்போதெல்லாம் அவள் பெட்டியை ஒருமுறை தடவிக் கொடுப்பாள். எழுத்தருக்கு அதைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது.

"கோப்புல என்னங்க இருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"ஒரு தடவைகூடப் போகல."

"அப்போ அதை அப்படியே எழுதுங்க. அஞ்சு வருஷம் எங்கயும் போகாத பிரிவைக் கலைச்சிடணும்னு விதி இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க பிரிவு ஒண்ணு எங்கயாவது போகட்டும், இல்லாட்டி இல்லாமப் போகட்டும். எனக்கு என் மிஷின் வேணும்."

நியாயமான கோரிக்கை. எழுத்தர் முடிவு செய்துவிட்டார்.

ஆனால் தளபதி சும்மா இருப்பாரா? கைப்பிரதியை வாங்கிப் பார்த்தார்.

"என்னய்யா இது, 'போகவில்லை, போகவில்லை'ன்னு மூணு இடத்துல எழுதியிருக்கே?"

"போகல சார்."

"போகலன்னா போகலன்னு எழுதறதா? 'இடம்பெயராத நிலையிலும் புறப்பாட்டு உணர்வு குன்றாது பேணப்பட்டது'ன்னு எழுது."

"வெள்ளத்துக்கு, சார்?"

"'தொலைவிலிருந்தே ஆழ்ந்த கவனம் செலுத்தப்பட்டது.'"

எழுத்தர் மறுபேச்சுப் பேசாமல் ஒன்பது பக்கத்தையும் தளபதி சொன்னபடியே எழுதினார். பத்தாவது பக்கம் அட்டவணை. அட்டவணையைப் படிக்கிற வழக்கம் தளபதிக்குக் கிடையாது. புறப்பாடுகள் என்ற கட்டத்தில் எழுத்தர் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டார். அதன் கீழே உள்ள கட்டங்களுக்கும் பூஜ்யத்தைத் தவிர வேறு எதுவும் பொருந்தவில்லை.

வரலாறு போய்ச் சேர்ந்த பத்தாவது நாள் தலைமையக அதிகாரி நேரிலேயே வந்து இறங்கினார். ஒன்பதாம் எண் பெட்டியில் உட்கார்ந்தார். நேராகப் பத்தாவது பக்கத்தைத் திருப்பினார். எழுத்தருக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, சந்தோஷத்தில்தான்.

"புறப்பாடு பூஜ்யமா?"

தளபதி முகத்தில் ஈயாடவில்லை. எழுத்தர்தான் பதில் சொன்னார். "பூஜ்யம் சார்."

"விபத்து?"

"பூஜ்யம்."

"காயம், காய்ச்சல், தொலைஞ்சுபோன சாமான்?"

"எல்லாமே பூஜ்யம் சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "போன வருஷம் மத்த பிரிவுகளெல்லாம் போச்சு. ரெண்டு விமானம் சிராய்ச்சுக்கிட்டு வந்துது. கூடாரம் காத்துல பறந்துடுச்சு. பதினோரு பேருக்குக் காய்ச்சல். போனா இதெல்லாம் வருது."

"போகலன்னா வராது சார்," என்றார் தளபதி, உயிர் திரும்பி.

"அதைத்தான் சொல்றேன். இத்தனை வருஷமா இது ஒருத்தர் மண்டையிலயும் உதிக்கலையே."

எழுத்தர் பதறிப்போனார். "சார், அஞ்சு வருஷம் போகாத பிரிவைக் கலைக்கணும்னு ஒரு விதி இருக்குங்களே."

"இருக்கு. கலைக்கணும்னா சாமானைச் சரிபார்த்து ஒப்படைக்கணும். சரிபார்க்கப் பெட்டியைத் திறக்கணும். திறந்தா தயார்நிலை கெட்டுப்போயிடும். நாட்டோட தயார்நிலையைக் கெடுத்து ஒரு விதியை நிறைவேத்தச் சொல்றீங்களா?"

பிரிவுக்கு 'முன்மாதிரிப் பிரிவு' விருது அறிவிக்கப்பட்டது. மற்றப் பிரிவுகள் எல்லாம் ஒரு மாதத்துக்குள் தங்கள் சாமான்களைப் பெட்டியில் போட்டு ஆணி அடித்துவிட வேண்டும் என்று அதிகாரி அங்கேயே, எட்டாம் எண் பெட்டியின் மேல் வைத்து, உத்தரவு எழுதினார்.

மாலையில் எழுத்தர் வீட்டுக்குப் போனார்.

"கலைச்சாங்களா?"

"விருது குடுத்திருக்காங்க."

மனைவி பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சுத்தியல் வாங்கிக்கொண்டு வந்தாள். தட்டுகளை எடுத்துக் கீழே வைத்தாள். எழுத்தர் விதியைச் சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கி மூடியைத் திறந்தாள்.

உள்ளே வைக்கோலுக்கு நடுவில் பன்னிரண்டு ஓடுதள விளக்குகள் இருந்தன.

மழையில் அழிந்த எண்களும் ஸ்டோர் கீப்பரின் சுறுசுறுப்பும் எழுத்தருக்கு ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"ஒன்பது வருஷமா இதையா தடவிக்கிட்டு இருந்தேன்?" என்றாள் மனைவி. அவள் அழுதாள். எழுத்தருக்கும் அழுகை வந்தது.

அவர் அலுவலகத்துக்கு ஓடினார். தளபதி விருதுக்கு நன்றிக் கடிதம் தயாரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு ஏழாம் எண் பெட்டியிலிருந்து எழுந்து, அதைச் சந்தேகமாக ஒருமுறை பார்த்து, மறுபடி உட்கார்ந்தார்.

"விளக்கு ஏதாவது உடைஞ்சிருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ சேதம் பூஜ்யம். பழையபடி ஆணி அடிச்சு வைங்க."

"என் வீட்டுத் தையல் மிஷின் எங்க சார்?"

தளபதி ஜன்னல் வழியாகக் கிடங்கைப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் வரிசை தப்பாமல் அடுக்கியிருந்தன.

"அது நாட்டுப் பணியில இருக்குய்யா. உத்தரவு வந்தா ஆறு மணி நேரத்துல எந்தப் போர்முனைக்கு வேணும்னாலும் போகும். போய்ச் சேர்ந்ததும் திறந்து எடுத்துக்கலாம்."

எழுத்தர் திரும்பி வந்து ஆணி அடித்தார். ஆனால் சுத்தியல் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவள் தன் பெட்டியைத் திறந்து பார்த்தாள். தொட்டில் இருக்க வேண்டிய இடத்தில் கூடார முளைகள் இருந்தன. தொட்டிலில் கிடக்க வேண்டிய பிள்ளை மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு வாரத்துக்குள் அறுபது வீட்டிலும் பெட்டிகள் திறக்கப்பட்டு, மறுபடி ஆணி அடிக்கப்பட்டன. யாரும் புகார் எழுதவில்லை. எழுதினால் விருது போய்விடும்.

இப்போது அந்தக் குடியிருப்பில் தினமும் மாலை ஏழு மணிக்கு அறுபது வீட்டிலும் செய்தி ஓடுகிறது. எழுத்தரின் மனைவியும் தட்டை வைத்துவிட்டு வந்து உட்காருவாள். எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவள்.

எல்லையில் அமைதி நிலவுகிறது என்று செய்தி வாசிப்பவர் சொன்னார்.

"இன்னிக்கும் இல்லையா?" என்று பெருமூச்சு விட்டாள் அவள்.