லீலாபாயின் ஜெபமும் வழியில் நின்ற டெம்போவும்

இனிமேல் காருக்குள் என் மனைவி வாயே திறக்கக் கூடாது. இந்த ஒரே லட்சியத்துக்காகத்தான் நான் புதிய கார் வாங்கினேன். மைலேஜ், கலர், டிக்கி எல்லாம் ஊருக்குச் சொன்ன காரணங்கள்.

லீலாபாய் ஏறி உட்கார்ந்தால் கார் அவள் வாயில்தான் ஓடும். இடது பக்கச் சீட்டில் ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது. அந்தக் குறை அவளுக்கு இதுவரை தெரிந்ததே இல்லை.

"பைய, பைய. லாரி வருது. அந்த நாய் யோசிச்சிட்டு நிக்குது, பாத்துப் போங்க. ஸ்கூட்டர்க்காரன் மொகத்தப் பாத்தா திரும்புவான்னு தோணுது."

அவன் திரும்புவான். நாயும் யோசித்து முடித்துக் குறுக்கே பாயும். என் எரிச்சலே அதுதான். ஒரு தடவையாவது அவள் தப்பாகச் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன்.

என் பெயர் ஜான்ரோஸ். ஊர் தக்கலை. அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே நான் இருமினால் இரண்டு மேஜை தள்ளி ஆள் எழுந்து நிற்பார்கள். வீட்டில் இருமினால், "ராத்திரி ஐஸ்கிரீம் திங்காண்டாம்னு சொன்னேன்லா?" என்று கேள்வி வரும்.

புதிய காரில் அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல் என்று ஒன்று இருந்தது. வேகத்தை நாம் ஒரு பட்டனில் சொல்லிவிட்டால் போதும். முன்னால் போகிற வண்டி மெதுவாகப் போனால் இதுவும் மெதுவாகும். அது நின்றால் இதுவும் நிற்கும். நம் கால் சும்மா இருக்கலாம். கம்பெனிச் சின்னத்துக்குப் பின்னால் ஒரு ரேடார், கண்ணாடிக்கு மேலே ஒரு கேமரா. ஷோரூமில் இந்துஜா என்ற பெண் இதையெல்லாம் விளக்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேசாமலே பிரேக் போடும் ஒரு ஜீவனை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

அட்டையில் செய்த பெரிய சாவியைப் பிடித்துக்கொண்டு, மாலை போட்டுக்கொண்டு, கேக் வெட்டிக்கொண்டு நான் போட்டோவுக்கு நின்றேன். லீலாபாய் போட்டோவுக்கு வரவில்லை. தூரத்தில் இந்துஜாவிடம் ஏதோ பேசிக்கொண்டு நின்றாள். சேலை விஷயமாக இருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாளே நாகர்கோவில் நெரிசலில் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் பரிசோதனை நடந்தது. லாரி மெதுவானது. கார் மெதுவானது. லாரி நின்றது. கார் சாமர்த்தியமாக இடைவெளி விட்டு நின்றது. லாரி கிளம்பியது. பட்டனை ஒரு தட்டு தட்டினேன், இதுவும் கிளம்பியது. நான் இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போடாத குறைதான்.

"ஏட்டி லீலா, பாத்தியா? இனி நீ ஒண்ணும் சொல்லாண்டாம். வண்டி தானே பாத்துக்கிடும்."

"எல்லாத்தையும் பாக்குமா?"

"எல்லாத்தையும்."

"நிக்கிய வண்டியையும்?"

"இப்பம் லாரி நின்னுதா இல்லியா? இவன் நின்னானா இல்லியா?"

"கொள்ளாம்," என்றாள் லீலாபாய். அவள் ஒரு விஷயத்தை இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டால் நான் உஷாராகியிருக்க வேண்டும். வெற்றி மயக்கம் விடவில்லை.

அன்று மாலையே பந்தயம் வைத்தாள். பந்தயப் பொருள், கார் சாவி.

இங்கே சாவியின் கதையைச் சொல்லவேண்டும். லீலாபாயிடம் லைசென்ஸ் இருக்கிறது. ஓட்டவும் செய்வாள். ஆனால் பழைய காரைக் கேட் தூணில் ஒருமுறை உரசினாள். அன்று முதல் சாவி என் சட்டைப் பையில்தான். அதே தூணில் நான் உரசிய கோடுகளும் உண்டு, அவற்றை நான் தூணின் தவறு என்று நிரூபித்திருக்கிறேன். பேச்சிப்பாறை ரோட்டில் இருக்கும் அவள் தங்கை ஜெஸ்பின் வீட்டுக்குத் தானே காரை ஓட்டிக்கொண்டு போய் இறங்கவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. நான் கொண்டுவிடுகிறேன் என்பது என் நெடுநாள் பதில்.

"சனிக்கிழமை காலையில தோவாளைக்குப் பூ எடுக்கப் போணும்லா, கோயில் அலங்காரத்துக்கு?" என்றாள். எங்கள் சபையில் பண்டிகை என்றால் பீடத்து மலர் அலங்காரம் அவள் பொறுப்பு. "நாலுவழி ரோட்டுல ஏறினதுலேருந்து தோவாளை வரைக்கும் உங்ககிட்ட நான் ஒரு வார்த்த பேசல்ல. பேசினா சாவி ஆயுசுக்கும் உங்களுக்கு. பெறவு எப்பமும் நான் பின்சீட்டுல வாயப் பொத்திட்டு வாறேன்."

"நான் தோத்தா?"

"நீங்க பிரேக்குல கால் வச்சா, சாவி எனக்கு."

நான் சிரித்தேன். அடுத்த வீட்டு நாராயணபெருமாளை நடுவராக நியமித்தேன். அவருக்கு மகள் ஸ்மிதாவின் நிச்சயதார்த்தத்துக்குத் தோவாளையில் மாலை சொல்லிவைக்க வேண்டியிருந்தது. நியாயத்துக்குக் கட்டுப்பட்டவர். இலவசப் பயணத்துக்கு அதைவிடக் கட்டுப்பட்டவர்.

சனிக்கிழமை விடிந்தது. எங்கள் வீட்டில் ஜெபம் பண்ணாமல் கார் வாசல் தாண்டாது. லீலாபாய் சின்னதாக ஜெபித்தாள், புறப்பட்டோம். நாகர்கோவில் தாண்டி நாலுவழிச்சாலையில் ஏறியதும் எண்பது என்று வேகம் வைத்துப் பட்டனை அழுத்தினேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக் பக்கமும் போகாமல் ஓரமாக வைத்தேன். நடுவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

அமைதி. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஓர் அமைதியை நான் அனுபவித்ததில்லை. மலை தெரிந்தது. காற்றாலைகள் தெரிந்தன. இவ்வளவு நாள் இதெல்லாம் இந்த ரோட்டில்தான் இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது. இடது தடத்தில் எங்களுக்கு முன்னால் ஓர் அரசுப் பேருந்து போனது. கார் தானாகவே வேகத்தைக் குறைத்து, மரியாதையான இடைவெளியில் அதன் பின்னாலேயே போனது.

"பாத்தியளா பெருமாள் சார்? நான் ஒண்ணும் செய்யல்ல."

"ஆமா சாரே. எங்க வீட்டுல ஒருத்தரும் இவ்வளவு சொல்பேச்சு கேட்டதில்ல."

லீலாபாய் உதட்டை இறுக்கிக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். சாலை இடது பக்கம் லேசாக வளைந்தது. அவள் கழுத்தை நீட்டி, பேருந்தின் இடப்பக்கமாக எதையோ பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டாள்.

"அன்பின் பரம பிதாவே!"

நான் திடுக்கிட்டேன். பின்சீட்டில் நாராயணபெருமாள் பயபக்தியோடு கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். எந்தச் சாமியானாலும் அவருக்கு மரியாதை உண்டு.

"இந்தக் காலைவேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிறோம். எங்களுக்கு முன்னே செல்லுகிற இந்த அரசுப் பேருந்தையும், இப்பொழுது எரிகிற அதின் வலதுபக்க இண்டிகேட்டரையும் உம்முடைய சமுகத்தில் வைக்கிறோம்."

பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது.

"இந்தப் பேருந்து விலகிப்போகும் தகப்பனே. அதின் மறைவிலே ஒரு பூ டெம்போ, சக்கரம் கழற்றப்பட்டதாய், அசையாமல் நிற்கிறது. இந்த மிஷினுடைய கண்கள் அதைக் காணாமற்போகலாம். உம்முடைய அடியானாகிய ஜான்ரோஸின் கண்கள் அதைக் காணும்படி கிருபை செய்யும். அவருடைய வலது காலைப் பலப்படுத்தும். அதை இப்பொழுதே பலப்படுத்தும் ஆண்டவரே!"

பேருந்து சடாரென்று வலது பக்கம் விலகியது. என் அருமைக் கார் என்ன செய்தது தெரியுமா? முன்னால் போனவன் வழி விட்டுவிட்டான் என்று சந்தோஷப்பட்டு வேகம் எடுத்தது. இஞ்சின் உறுமியது. எதிரே பூ மூட்டைகள் அடுக்கிய டெம்போ. ஜாக்கி வைத்துத் தூக்கி, கல்லுப்பிள்ளையார் போல் நின்றிருந்தது. கார் அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

என் வலது கால் பலப்பட்டது. ஏறி மிதித்தேன். சீட் பெல்ட் மூன்று பேரையும் பிடித்து இழுத்தது. நின்றோம். டெம்போ கதவில் ஒட்டியிருந்த சம்பங்கி இதழ்கள் தனித்தனியாகத் தெரிகிற தூரத்தில் நின்றோம்.

"ஆமென்," என்றாள் லீலாபாய்.

"ஆமென்," என்றேன் நான். அது தானாக வந்துவிட்டது. பழக்கதோஷம்.

"ஆமென்," என்றார் நாராயணபெருமாள், கண்ணைத் திறக்காமலே.

காரை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். இஞ்சினை அணைக்கும் முன்னாலேயே பந்தயத்தை நினைத்தேன். மனுஷப்பிறவி அப்படிப்பட்டது.

"ஏட்டி, நீ பேசிட்ட! சாவி எனக்கு!"

"உங்ககிட்டயா பேசினேன்? கர்த்தர்கிட்டல்லா பேசினேன்."

"பெருமாள் சார், நீங்க சொல்லுங்க."

நாராயணபெருமாள் கண்ணைத் திறந்து, டெம்போவைப் பார்த்து, மறுபடி ஒருமுறை கும்பிட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "சாரே, பூசாரி மந்திரம் சொன்னா நம்மகிட்ட வாயாடுதாருன்னு சொல்ல முடியுமா? ஜெபம் ஜெபம்தான்."

"செரி, பிரேக்?"

"நான் கண்ண மூடியிருந்தேன். பிரேக்கச் சவிட்டினது ஆரு?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கார்தான் போட்டது என்று சொன்னால் முடிந்தது. ஆனால் ஆமென் சொன்ன வாய் இன்னும் காயவில்லை. "நான்தான்," என்றேன்.

"அப்பம் சாவி மேடத்துக்கு," என்றார் நடுவர்.

எனக்குத் தாங்கவில்லை. "லாரிக்கு நின்ன வண்டி டெம்போவுக்கு ஏன் நிக்கல்ல?"

லீலாபாய் பொறுமையாகச் சொன்னாள். "லாரி ஓடிட்டு இருந்து நின்னுது. அதுக்குப் பின்னாலயே வந்ததுனால இதுக்குத் தெரிஞ்சுது. டெம்போ மொதல்லயே நிக்குது. நிக்கியதெல்லாம் பாத்துப் பிரேக் போட்டா, ரோட்டோரத்துல நிக்கிய போர்டு, பாலத்துத் தூண் எல்லாத்துக்கும் போடணும்லா? அதுனால சிலசமயம் நிக்கிய வண்டியக் கணக்குல எடுக்காதாம். அதுலயும் முன்னால போறவன் சட்டுன்னு வெலகினா ரொம்பக் கவனமா இருக்கணும் ஆன்டி, கால் ரெடியா இருக்கணும்னு இந்துஜா சொன்னா."

"எப்பம் சொன்னா?"

"நீங்க அட்டச் சாவியப் பிடிச்சிட்டு போட்டோ எடுக்கும்போ."

நான் அந்தப் பெண்ணிடம் இந்தக் கார் என்னவெல்லாம் செய்யும் என்று கேட்டேன். லீலாபாய் என்னவெல்லாம் செய்யாது என்று கேட்டிருக்கிறாள். அந்த இடத்தில், சம்பங்கி வாசத்தில், என் மனைவியை நான் மனசார வியந்தேன். நான் தோற்றது சாதாரண ஆளிடம் இல்லை. அலுவலகத்தில் இப்படி ஒருத்தி எனக்கு மேலதிகாரியாக வந்திருந்தால் அந்த அலுவலகம் உருப்பட்டிருக்கும்.

"தெரிஞ்சே பந்தயம் வச்சியா? ஜெபத்துக்கு நான் கால் வைக்காம இருந்தா?"

"அலறியிருப்பேன்," என்றாள். "இன்னும் ரெண்டு வார்த்த பொறுத்திருப்பேன், அம்புட்டுதான். பெறவு உங்க பேரச் சொல்லியே அலறியிருப்பேன். சாவி போனா போட்டும். நீங்க வேணும்லா எனக்கு?"

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். சாவியை வைத்தேன். அந்த வார்த்தைக்கு வீட்டுப் பத்திரத்தையே வைத்திருப்பேன், நல்லவேளை அது கையில் இல்லை.

தோவாளையில் பூ எடுத்தோம். மஞ்சள் செவ்வந்தி, வெள்ளைச் சம்பங்கி, டிக்கி நிறைய. நாராயணபெருமாள் மாலைக்குச் சொல்லிவிட்டு வந்தார். திரும்பும்போது லீலாபாய் ஓட்டினாள்.

ஓட்டினாள் என்றால் அது ஓட்டு! ஆள் அரவமில்லாத நீள ரோட்டில் குரூஸ் கன்ட்ரோலைப் போட்டாள். கால் மட்டும் பிரேக் பக்கத்திலேயே காவல் இருந்தது. முன்னால் வண்டிகள் கூடுவது தெரிந்ததும் கட்டைவிரலால் ஒரு தட்டு, அணைத்துவிட்டாள். காரும் நல்ல கார்தான் என்று எனக்கு மறுபடியும் மரியாதை வந்தது. அதன் குணம் தெரிந்தவர் கையில் அது எவ்வளவு அடக்கமாகப் போகிறது!

ஆனாலும் இடது பக்கச் சீட் ஒரு பொல்லாத சீட். அதில் உட்கார்ந்தால் எதிரே வரும் ஒவ்வொரு லாரியும் நம் மடிக்குத்தான் வருகிறது. அதோ ஒரு மீன் வண்டி. அதற்குப் பக்கத்தில் ஒரு ஆட்டோ. அந்த ஆட்டோக்காரன் முதுகைப் பார்த்தால் நிறுத்துவான் என்று தோன்றியது. எனக்கு நாக்கு அரித்தது. வாய் திறந்து சொன்னால் மானம் போகும். எனக்கும் ஒரு வழி தெரியுமே! கைகளைக் கோத்துக்கொண்டேன்.

"அன்பின் பரம பிதாவே! எங்களுக்கு முன்னே செல்லுகிற இந்த மீன் வண்டியையும்..."

"நில்லுங்க," என்றாள் லீலாபாய், ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமல். "ஜெபம் பண்ணும்போ கண்ணு தொறந்திருக்கப்பிடாது."

"நீ தொறந்திட்டுத்தானே பண்ணின?"

"நான் மூடியிருந்தா டெம்போவ ஆரு பாத்திருப்பா? இப்பம்தான் ரோட்டப் பாக்க நான் இருக்கேன்லா. நீங்க நல்லா மூடிட்டு உருக்கமா பண்ணுங்க."

"அதான சாரே முறை," என்றார் பின்னாலிருந்து நடுவர்.

கண்ணை மூடினேன். மிஷனரிகளில் ஆரம்பித்து, ஏழைகள், விதவைகள், மாநில அரசு, மத்திய அரசு, துபாயில் இருக்கும் மகன் ஜெரிஷ் என்று ஒருவர் விடாமல் ஜெபித்தேன். ஆமென் சொல்ல எனக்கு அனுமதி கிடைத்தபோது, கார் தக்கலையில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் நின்றிருந்தது.