கழுத்து அளந்த விவரம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். என் கழுத்து மட்டும் விசாரணையில் இருக்கிறது. அங்கே உங்கள் பிசியோதெரபி நிலையம் நோயாளிகளோடு செழிக்க வேண்டும் என்று வாழ்த்த வாய் வரவில்லை. நீங்களும் என் மகளும் நன்றாக இருங்கள்.

போனில் உங்களிடம் பேசினால் எனக்கு "சரிங்க, சரிங்க" தவிர வேறு வராது. அதனால்தான் கடிதம். போன மாதம் வந்திருந்தபோது, கடையில் நான் குனிந்து கடிகாரம் பழுதுபார்ப்பதைப் பார்த்துவிட்டு, "மாமா, உங்க தலை தோளைவிட ரொம்ப முன்னாடி நிக்குது. அளந்து அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் மறந்துவிட்டேன். உங்கள் அத்தை மறக்கவில்லை.

முதலில் சுவர். குதிகால், இடுப்பு, முதுகு எல்லாம் சுவரில் ஒட்ட நிற்கச் சொன்னாள். நின்றேன். பின்மண்டைக்கும் சுவருக்கும் நடுவே ஸ்கேல் விடப் போனவள், அதைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையையே விட்டாள். நாலு விரலும் தாராளமாகப் போயின. "இவ்வளவு இடமா?" என்றாள். கையை உடனே எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் எழுதக் கூடாதுதான்.

அப்புறம் போட்டோ. காது ஓட்டைக்கு முன்னால இருக்கிற மேட்டிலயும், கழுத்தடியில துருத்துற எலும்பிலயும் அடையாளம் ஒட்டணும்னீங்க இல்லையா, வீட்டுல இருந்தது கடை ஸ்டிக்கர்தான், அதையே ஒட்டினா. நான் பாஸ்போர்ட் படத்துக்கு நிக்கிற மாதிரி விறைப்பா நின்னேன். "இது நீங்க இல்ல, யாரோ போலீஸ்காரர். எப்பவும் போல நில்லுங்க"ங்கறா. எப்பவும் போல எப்படி நிக்கிறதுன்னு அந்த நிமிஷமே மறந்துபோச்சு மாப்பிள்ளை! சரி, நான் அசந்த நேரமா பார்த்து எடுக்கிறேன்னு போனும் கையுமா பின்னாடியே சுத்தினா. பல் தேய்க்கும்போது, செருப்பு தேடும்போது, எங்க பார்த்தாலும் அவதான். இவ என்ன பண்றான்னு நான் எட்டி எட்டிப் பார்த்ததுல எல்லாப் படத்திலயும் கழுத்து இன்னும் ஒரு முழம் நீண்டிருக்கு. இந்தக் கூத்துல ஸ்டிக்கரை எடுக்க மறந்து கடைக்குப் போயிட்டேன். வந்தவர் ஒருத்தர், "அண்ணே, உங்க பிடரியில 'ரிப்பேர் பாக்கி'ன்னு எழுதியிருக்கே, எப்ப முடியும்?"னார்.

ஒருவழியா ஒரு படம் தேறிச்சு. அச்சடிச்சு வாங்கிட்டு வந்து, எலும்பிலிருந்து படுக்கையா ஒரு கோடு, எலும்பிலிருந்து காதுக்கு ஒரு கோடு போட்டு, பாகைமானியை வச்சா நூத்தி முப்பத்தெட்டு! ஐம்பதுக்குக் கீழ போனாத்தான் கோளாறுன்னீங்களே, எனக்குத் தலைகால் புரியல. அத்தை வாங்கிப் பார்த்துட்டு, "எதிர்ப்பக்கத்து எண்ணைப் படிச்சிருக்கீங்க. இது நாப்பத்திரெண்டு"ன்னா. அப்படியே உட்கார்ந்துட்டா. "எனக்கு முன்னாடி போகாதீங்க"ன்னு மெதுவா சொன்னா. தலையைச் சொன்னாளா, வேற எதையாவது சொன்னாளான்னு நான் கேட்கல.

ஆகவே மாப்பிள்ளை, வலி ஒன்றும் பெரிதில்லை. மேசையை உயர்த்திக்கொள்கிறேன். கடையை விட்டுவிட்டு உங்களிடம் வர இப்போது தோதுப்படாது. நீங்களும் கவலைப்பட்டுக் கிளம்பி வர வேண்டாம். இருவரும் நிமிர்ந்த தலையோடு நெடுங்காலம் வாழ ஆசீர்வதிக்கும்,

மாமா

பி.கு.: மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒட்டுவதற்கு முன் இந்தக் கடிதத்தை அத்தையிடம் படிக்கக் கொடுத்தேன். ஜன்னலோரமாக நின்று படித்தாள். ஒரு வாரமாகக் காதும் தோளுமாகவே பார்த்துப் பழகிய கண், பக்கவாட்டில் அவளைப் பார்த்துவிட்டது. என் கழுத்தே தேவலை. "உனக்கு வலிக்கலையா?"ன்னேன். வலது கை ரெண்டு மாசமா மரத்துப்போகுதாம். "முதல்ல உங்களுது முடியட்டும்னு இருந்தேன்"ங்கறா. கடையைப் பூட்டிட்டேன். சனிக்கிழமை பஸ்ஸுல வர்றோம். அவளை முதல்ல அளங்க. அந்த நேரத்துல என் கழுத்தைப் பத்தி மட்டும் எதுவும் கேட்டுடாதீங்க, பேச்சை மாத்திடுவா.